வெள்ளி விரலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

சிவகாசியில் பெத்தணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மைக்செட்காரர் என்று கேட்டால், பச்சைப்பிள்ளைகூட வழி காட்டும். காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், பங்குனிப் பொங்கல், எதுவாக இருந்தாலும் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளோடு முதலில் வந்து இறங்குகிறவர் அவர்தான். ஆனால் அவரைக் கேட்டால் மைக்செட் தன்னுடைய தொழிலே இல்லை என்பார். “நான் பாஸ் கிடார்காரன்ப்பா. பெங்களூரு வரைக்கும் போயி வாசிச்சவன்” என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார். பந்தக்கால் நடுகிறவர்கள், சீரியல் விளக்குக் கட்டுகிறவர்கள் என்று எல்லாரும் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, இப்போது அவர் வாயைத் திறந்தாலே ஏணியை எடுக்கப் போய்விடுகிறார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மத்தியானம், தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, செல்போனைப் பார்த்தபடி கல்லாய்ச் சமைந்திருந்தார்.

போனில் நவநீதகிருஷ்ணன். சாம்பல் நிறப் பட்டு ஜிப்பா, மடியில் சிவப்புக் கிடார், அறுபத்தைந்தைத் தாண்டியும் கொட்டாத முடி. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஃபேக்டரி வைத்திருந்த லட்சுமிகாந்தம் முதலாளியின் மகன். அந்தக் காலத்தில் அவர் தனியாகப் போட்ட கேசட் ஒன்று, எந்தக் கடையிலும் விற்காமல் பரணில் கிடந்தது. அதிலிருந்து ஒரு கிடார்த் துண்டு எப்படியோ ரீல்ஸ் போடுகிற பிள்ளைகள் கையில் சிக்கிவிட்டது. மழை பெய்தால் அந்தக் கிடார், காதலி கோபித்தால் அந்தக் கிடார், பைக்கில் மலை ஏறினால் அந்தக் கிடார். தேடி வந்து பேட்டி எடுத்திருந்தார்கள்.

“பகல்ல அப்பா ஃபேக்டரியில வெடிமருந்து கலக்குற மருந்து ரூம் வேலை” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார் நவநீதகிருஷ்ணன். “ராத்திரி மேடை. கிடாரை மருந்து ரூம் மூலையிலேயே வச்சிருப்பேன். ஒரு கலவை முடிஞ்சு அடுத்த கலவைக்குள்ள கொஞ்ச நேரம் வாசிப்பேன். விரல் பூரா அலுமினியத் தூள். எந்தச் சோப்புக்கும் போகாது. பெங்களூர் மேடையில லைட்டைப் போட்டதும் என் விரல் அம்புட்டும் வெள்ளியா மின்னுச்சு. ஒரு விநாடி கூட்டம் மூச்சு விடல. அப்புறம் ‘வெள்ளி விரல், வெள்ளி விரல்’னு ஒரே கத்து. அன்னைக்கு வச்ச பேருதான்.”

“அது என் விரலு!” என்று கத்தினார் பெத்தணன்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் அவர் மனைவி கற்பகவல்லி. “உங்க விரலு உங்க கையிலதான இருக்கு? சோத்தப் பிசைங்க.”

பெத்தணன் பிசையவில்லை. அவருக்கு வயிறு வேறு விதமாக நிறைந்துவிட்டது.

விஷயம் இதுதான். லட்சுமிகாந்தம் முதலாளி ஃபேக்டரியில் மருந்து ரூமில் வேலை பார்த்தது பெத்தணன். நவநீதகிருஷ்ணன் அந்தப் பக்கம் போனால் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு போவார். அவருக்குக் கிடார் பைத்தியம் பிடித்து, மதுரையில் இரண்டு கிடாரும் ஒரு டிரம்ஸும் வாங்கிவந்து, ஆள் தேடியபோது பெத்தணன் சிக்கினார். டிரம்ஸுக்கு முத்துப்பாண்டி, பாட்டுக்கு ராஜபாண்டியன். நாலு பேர் சேர்ந்து வைத்தது ஏழு தடவை வெடிக்கிற வாணத்தின் பெயர், ‘செவன் ஷாட்ஸ்’. நாலு பேருக்கு எதற்கு ஏழு ஷாட் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. ஃபேக்டரி கேட்டுக்குள் பெத்தணன் ‘சின்ன மொதலாளி’ என்று கும்பிடுவார். கேட்டுக்கு வெளியே ‘ஏலே நவநீதா’ என்பார். கேட்டைத் தாண்டும்போது நாக்கை மாற்றிக்கொள்வதில் அவருக்குப் பிசகே வந்தது கிடையாது.

பெங்களூர் மேடையில் வெள்ளியாக மின்னியது பெத்தணனின் விரல்கள். கூட்டம் கத்தியது பெத்தணனைப் பார்த்து. அவர் வாழ்க்கையில் ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் அவரைப் பார்த்துக் கத்தியது அந்த ஒருமுறைதான். முத்துப்பாண்டி செத்துப்போனார். ராஜபாண்டியன் மலேசியாவுக்குப் போனவர், போனவர்தான். ஆக அந்த இரவுக்கு உலகத்தில் மிச்சமிருந்த சாட்சி இரண்டு பேர். அதில் ஒருவர் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு அதைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டுவிட்டார்.

பெத்தணனுக்கு நவநீதகிருஷ்ணன்மேல் எரிச்சல் புதிது என்று சொன்னால் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். அவர் புதுக் கார் வாங்கியபோது இவருக்கு இரண்டு நாள் செரிக்கவில்லை. அவர் மகள் ரோஷினி கல்யாணத்துக்கு மைக்செட் ஆர்டர் மதுரைக்காரனுக்குப் போனபோது, மொய் எழுதிவிட்டு இவர் சாப்பிடாமலே வந்தார். அந்த முடி விஷயத்தில் சாயம்தான், விக்தான் என்று பல வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் காரும் கல்யாணமும் முடியும் நவநீதகிருஷ்ணனுடையவை. விரல் இவருடையது. சாவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, நாலு பேர் கூடின இடத்தில் ‘வெள்ளி விரல் பெத்தணன்’ என்று ஊர் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம்.

பேட்டியில் கேட்ட பெயரை வைத்து ‘செவன் ஷாட்ஸ் ரசிகர்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு கிளம்பியிருந்தது. மெட்ராஸ், கோயம்புத்தூர், துபாய் என்று எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளோடு உள்ளூர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. இன்னொரு சிம் கார்டு போட்டு, சூரியகாந்திப் பூவை முகமாக வைத்து, ‘சத்தியவான்’ என்ற பெயரில் பெத்தணன் அதில் நுழைந்தார். உள்ளே பேட்டியைச் சுற்றி ஒரே இதயப் படங்கள். பெத்தணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால், பாதி மத்தியானம் செலவழித்து இரண்டு வரி அடித்தார்.

“மருந்து ரூமுக்குள் கிடாரா? பட்டாசு ஊர்ப் பிள்ளைகளே, யோசிக்க மாட்டீர்களா?”

அவ்வளவுதான். திரியைப் பற்றவைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வெடித்தவன் கதிரவன். ஆஃப்செட் பிரஸ்ஸில் காலண்டர் டிசைன் செய்கிறவன். அவன் அம்மா ஃபேக்டரி வேனில் போய்வருகிறவள். அவன் குரல் பதிவாகவே போட்டான்.

“ஏ ஆமாப்பா! எங்கம்மா சேலையில ஒரு ஊக்கு குத்திட்டுப் போனாலே போர்மேன் கேட்லயே கழட்டி வாங்கிருவாரு. இரும்பும் இரும்பும் உரசுனாப் பொறி பறக்கும்ல. இவரு ஆறு கம்பியக் கட்டிக்கிட்டு உள்ள போயி, மருந்துக்குப் பக்கத்துல உக்காந்து டொய்ங் டொய்ங்னு வாசிச்சாராம்ல! அன்னைக்கே தாயில்பட்டியே வெடிச்சு மேல போயி வெம்பக்கோட்டையில எறங்கியிருக்கும்.”

அதுவரை அந்த இடத்தைத்தான் ‘என்ன ஒரு தவம்!’ என்று மெட்ராஸ் பிள்ளைகள் தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தார்கள். இப்போது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக வந்து சிரித்தார்கள். ஒருத்தியின் அக்காவைக் கொலுசோடு விடவில்லை. ஒருவனின் அப்பாவை, அதுவும் பொறி கிளப்பும் என்று, டெரிகாட்டன் சட்டைக்காகத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி மகனுக்கு முதலாளி மகன் செய்கிற தப்புதான் வாய்க்கும். மருந்து ரூமைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தவர் வாயில்தான் அப்படி ஒரு பொய் வரும்.

பெத்தணன் அன்று சாயந்தரம் விருதுநகர் வரைக்கும் போய்ப் பொரித்த பரோட்டா வாங்கிவந்தார். கற்பகவல்லி பொட்டலத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன, தீபாவளி சீசன் முன்னாலயே வந்துருச்சா?”

“சாப்புடு, சாப்புடு. இன்னைக்கு ஒரு நல்ல காரியம் நடந்துருக்கு.”

“எவன் குடி கெட்டுச்சோ” என்றாள் அவள், பரோட்டாவைப் பிய்த்தபடி.

மறுநாள் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஓவியா வாட்ஸ்அப் குழுவில் வந்து சேர்ந்தாள். பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகியவள். மருந்து ரூம் பொய் என்றால் அலுமினியத் தூள் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். தூள் இல்லையென்றால் வெள்ளி விரல் இல்லை. வெள்ளி விரல் இல்லையென்றால் பெங்களூர் எதற்கு? நாலு பேர் என்கிறாரே, மற்ற மூன்று பேரின் பெயரைப் பேட்டியில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே, ஏன்?

கடைசியில் அவளே தீர்ப்பும் எழுதினாள்: “செவன் ஷாட்ஸ் என்று ஒரு குழுவே இருந்ததில்லை. பெங்களூருக்கு யாரும் போகவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை வீட்டிலேயே வாசித்துக் கேசட் போட்டிருக்கிறார். மற்றதெல்லாம் அளப்பு.”

எழுபது எண்பது கட்டைவிரல்கள் அதற்கு எழுந்து நின்றன.

பெத்தணனின் சந்தோஷம் சட்டென்று நின்றது. குழுவே இல்லையென்றால் பாஸ் கிடார் ஏது? பெங்களூருக்கு யாரும் போகவில்லையென்றால் இவர் மட்டும் எப்படிப் போனார்? அவசரமாக சூரியகாந்திப் பூவின் பின்னாலிருந்து அடித்தார்: “குழு இருந்தது உண்மை. அதில் பாஸ் வாசித்தவர் பெத்தணன். ஊரறிந்த கலைஞர். வெள்ளி விரல் அவருடையது.”

“யாரு அது பெத்தணன்?” என்று ஒருவன் கேட்டான்.

“நம்ம மைக்செட் தாத்தாப்பா” என்று போட்டான் கதிரவன். “அவரு பாட்டுப் போடுற ஆளு, வாசிக்கிற ஆளு இல்ல. எங்க அக்கா சடங்குல அவரு செட்டுதான். பாதியில புகை வந்துருச்சு.”

சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் ஒரு படை.

“என்ன, மூஞ்சி தொங்கிப்போச்சு?” என்றாள் கற்பகவல்லி.

பெத்தணன் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, சிரிப்பை முந்தானையில் வைத்துக்கொண்டாள். “அவரப் புடிச்சுத் தள்ளணும்னீக. நீங்க அவரு இடுப்புலதான் தொத்திக்கிட்டு நின்னுருக்கீக போல.”

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரசிகர்கள் நவநீதகிருஷ்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். பேட்டி வந்த சூட்டில் பாராட்டு விழா என்று போட்டது, இப்போது கேள்வி நேரமாக மாறியிருந்தது. மைக்செட் ஆர்டர் கொடுக்கக் கதிரவன்தான் வந்தான். “தாத்தா, ரெண்டு கார்ட்லெஸ் மைக்கு வேணும். புகை வராம பாத்துக்கோங்க.” பெத்தணன் வேறு விழா இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வாய் “சரிப்பா” என்றது.

மண்டபம் நிறைந்திருந்தது. காரியாபட்டியிலிருந்து வந்திருந்த ரசிகர்கள்கூட நிற்க இடமில்லாமல் பந்தி நடக்கிற இடம்வரை நின்றார்கள். நவநீதகிருஷ்ணன் அதே ஜிப்பாவில், அதே முடியோடு வந்து மேடையில் உட்கார்ந்தார். ஓரத்தில், கருவிகள் அடுக்கிய மேஜைக்குப் பின்னால் பெத்தணன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெத்தணன் முதலில் கண்ணைத் திருப்பிக்கொண்டு, எதையோ திருகினார்.

கதிரவன் ஆரம்பித்தான். “சார், மருந்து ரூமுக்குள்ள கிடார் போச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

நவநீதகிருஷ்ணன் சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. “அந்தக் காலத்துல இம்புட்டுக் கண்டிப்பு இல்லப்பா…”

“எங்கம்மா அந்தக் காலத்துலருந்து அதே ஃபேக்டரியிலதான் சார் இருக்காக.”

“ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான்.”

“அப்ப வெள்ளி விரலும் ஒரு பேச்சுக்குத்தானா?” இது ஓவியா. “உங்க குழுவுல இருந்த மத்த மூணு பேரு யாரு சார்? இருந்தாங்களா?”

நவநீதகிருஷ்ணன் தண்ணீர் குடித்தார். மைக் அவர் தொண்டை இறங்குகிற சத்தத்தை மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தது. பெத்தணனின் கையில்தான் அந்தச் சத்தத்தின் திருகு இருந்தது, அவர் குறைக்கவில்லை. கூட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. நாற்பது வருடமாக அவர் வேண்டிக்கொண்ட காட்சி இது. அந்தப் பட்டு ஜிப்பாவின் கக்கத்தில் வேர்வை படர்வதை அவர் ஒரு பலகாரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப முடிவு பண்ணிக்கலாமா?” என்றாள் ஓவியா. “பெங்களூருக்கு யாரும் போகல.”

“போனோம்.”

மண்டபம் திரும்பியது. மேஜைக்குப் பின்னால், சோதனைக்கு வைத்திருந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு பெத்தணன் நின்றார். தன் குரலைத் தன் ஸ்பீக்கரிலேயே கேட்டு அவரே கொஞ்சம் மிரண்டுவிட்டார்.

“போனோம். நாலு பேரு. டிரம்ஸு முத்துப்பாண்டி, பாட்டு ராஜபாண்டியன். பாஸு நானு. கிடாரு…” மேடையைப் பார்த்தார். அந்த வார்த்தை வருவதற்கு என்ன பாடு பட்டதோ. “கிடாரு இந்த அண்ணாச்சி. நல்லாத்தான் வாசிச்சாரு. ஆனா மருந்து ரூம்ல வேல பாத்தது நானு. வெள்ளி விரலு என்னுது.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “தாத்தாவும் ஆரம்பிச்சுட்டாருடா.”

அப்போது நவநீதகிருஷ்ணன் எழுந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

“சிரிக்காதீங்க. அவன் சொல்றது நெசம்” என்றார். “நான் ஒண்ணு சொல்லிடறேன். பெங்களூருக்கு முன்னாடி மதுரையில ஒரு காலேஜ் விழா. நான் உயிரைக் கொடுத்து வாசிக்கிறேன். முன்வரிசைப் பிள்ளைக பூரா இவன் கையையே பார்க்குதுக. மின்னுது பாருங்க, அந்த மினுமினுப்பை. கிடார் நான் வாங்குனது, குழு நான் சேர்த்தது, பார்க்கிறது இவனை! எனக்கு எப்படி இருக்கும்? வயித்தெரிச்சல்ல மூணு நாள் தூங்கல. பெங்களூர்ல மேடைக்குப் போறதுக்கு முன்னாடி, சோப்புக்குப் போகாதது எண்ணெய்க்கு வரும்னு தேங்காய் எண்ணெயைக் கையில தடவிக்கிட்டுப் போயி, பயமா இருக்குலே, கையைப் புடிச்சுக்கோனு இவன்கிட்ட நீட்டுனேன். இவனும் பாவம், புடிச்சுக்கிட்டான். தேய்ச்சுத் தேய்ச்சு இவன் விரல்ல இருந்ததுல பாதியை என் விரலுக்கு வாங்கிக்கிட்டேன்.”

பெத்தணனுக்கு அந்தத் திரைமறைவு ஞாபகம் வந்தது. சின்ன மொதலாளி கையை நீட்டியதும், எண்ணெய்ப் பிசுபிசுப்பும், தான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்து “நான் இருக்கேன்லே” என்று சொன்னதும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வருடமும் நவநீதகிருஷ்ணனை முழுதாக வெறுக்க முடியாமல் போயிருந்தது. கடைசியில் அதுவும் திருட்டுத்தானா! நெஞ்சு பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதே நெஞ்சின் இன்னொரு மூலையில் ஒருவன் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தான். கார் வைத்திருந்தவன், ஃபேக்டரி வைத்திருந்தவன், இத்தனை முடி வைத்திருந்தவன், தன்னைப் பார்த்து மூன்று நாள் தூங்காமல் கிடந்திருக்கிறான்!

“வெள்ளி விரல் பெத்தணன்” என்று மைக்கில் சொன்னார் நவநீதகிருஷ்ணன், கையை நீட்டி. “நான் இரவல் வெள்ளி.”

மண்டபம் இடிந்துவிடும்போலக் கைதட்டியது. விசில் பறந்தது. ஓவியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதிரவன் மேடைக்கு ஓடினான். அவன் பின்னால் ஐம்பது பேர் ஓடினார்கள். மேடையில் நவநீதகிருஷ்ணனைச் சுற்றிப் போன்கள் உயர்ந்தன. “என்னா மனசு சார் உங்களுக்கு!” என்று ஒருவன் காலில் விழுந்தான். பெத்தணன் மேஜைக்குப் பின்னால் மைக்கோடு அப்படியே நின்றார். அவர் பக்கம் ஒரே ஒரு ஆள் வந்தான். சார்ஜர் போட பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கற்பகவல்லி கேட்டாள். “சொன்னீகளா?”

“சொன்னேன். அவரும் சொன்னாரு, ஊரக் கூட்டி வச்சு. வெள்ளி விரல் பெத்தணன்னு.”

“கை தட்டுனாகளா?”

“தட்டுனாக, தட்டுனாக. அவருக்கு.” சட்டையைக் கழற்றி ஆணியில் வீசினார். “வயித்தெரிச்சல்ல எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? நான் பட்டா அது வயித்துலயே கெடக்கு. அவரு பட்டா அதுக்கும் விசில் அடிக்கானுக.”

மறுநாள் காலையில் வாட்ஸ்அப் குழுவில் நவநீதகிருஷ்ணனைப் பற்றி யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் இப்போது வேறு ஆள்மேல் வந்திருந்தது. கற்பகவல்லிதான் காபியை ஆற்றியபடி வாசித்துக் காட்டினாள். “மைக்செட் தாத்தா அவரு பாட்டுக்கு எழுந்து உளறிட்டாரு. அவரு அசிங்கப்படக் கூடாதுன்னு சார் தன்மேல பழியப் போட்டுக்கிட்டு ஒரு கதையக் கட்டிக் காப்பாத்திட்டாரு. அதாம்ப்பா பெரிய மனுசன்.” கீழே ஓவியா எழுதியிருந்தாள்: “அந்தப் பெரியவர் பாஸ் வாசித்து யாராவது கேட்டிருக்கிறீர்களா?”

கேட்டவர் ஒருவருமில்லை.

பெத்தணன் காபியைக் குடிக்காமல் கிளம்பிப் போனார். ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கிற ஜெயபாண்டியிடம் ஒரு பாஸ் கிடாரை இரவல் வாங்கி, துணியில் சுற்றி, பைக்கில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். முற்றத்தில் ஸ்பீக்கர் பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாலே கம்பிதான். நாலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒருநாள் முழுக்கத் தெருவில் இடி இடித்தது. எதிர்வீட்டில் வெயிலில் காயப்போட்ட வத்தலை அள்ளி உள்ளே வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் விரல் நுனிகள் கொப்புளித்துத் துணி சுற்றியிருந்தன. ஆனாலும் பெங்களூரில் வாசித்த அந்தப் பாட்டு, நொண்டிக்கொண்டாவது, முழுசாக வந்துசேர்ந்தது.

வந்துசேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், போனை எடுத்து நவநீதகிருஷ்ணனைக் கூப்பிட்டது. தெருவே அதைப் பார்த்தது. நாற்பது வருடத்தில் அவர் அந்த வீட்டுக்குப் போன் போட்டதில்லை.

“அண்ணாச்சி, நான்தான். ஒண்ணும் பேசாதீக. கேளுங்க.”

போனை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தார். வாசித்தார். முதலிலிருந்து கடைசிவரை, கண்ணை மூடிக்கொண்டு. முடித்துவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

“எப்படி?”

 அந்தப் பக்கமிருந்து நவநீதகிருஷ்ணனின் குரல் வந்தது.

“ரெண்டாவது சரணத்துல ஒரு இடம் தப்புலே.”

பெத்தணன் போனை வைத்துவிட்டார். கற்பகவல்லி வாசலுக்கு வந்து என்ன சொன்னார் என்று கேட்டாள். அவர் விரலில் அவிழ்ந்திருந்த துணியைப் பல்லால் இறுக்கிக் கட்டினார். முகத்தில் நாற்பது வருடத்தில் பார்க்காத ஒரு களை.

“பொறாம பிடிச்ச பய” என்றார் சந்தோஷமாக. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.